வாசல் எந்தப் பக்கம்?

ரெங்கநாதன் வீட்டுக் கூடத்தில் அந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு சக்கர நாற்காலிகள் நின்றன. பன்னிரண்டாவது, பாகம் பாகமாகக் கழன்று சோபாவில் படுத்திருந்தது. உட்கார வேறு இடம் இல்லாததால் ரெங்கநாதன் ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, அதன் மிதிகட்டையில் கால் வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சொந்தக்காரர் அந்தக் கோலத்தைப் பார்த்துப் பதறிப்போய், "எப்போலேர்ந்து இப்படி?" என்று ஸ்ரீவித்யாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லை. கூடத்துக்குத்தான் உடம்பு சரியில்லை," என்றாள் ஸ்ரீவித்யா, கணவரைப் பார்த்துக்கொண்டே.

நாற்காலிகள் எல்லாம் அவர்கள் மகள் ப்ரீத்தியிடம் பழுதுபார்க்க வந்தவை. கோயிலுக்கு வரும் வயதானவர்களுக்காக ஸ்ரீரங்கத்தின் விடுதிகளிலும் சத்திரங்களிலும் சக்கர நாற்காலி வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே இடத்தில்தான் கெட்டுப்போகும். பின்சக்கரம் பெரியது, நேராக மட்டும் உருளும். முன்சக்கரம் சின்னது, எந்தப் பக்கமும் திரும்பும்; நாற்காலியைத் திருப்புவது அதன் வேலை. டைல்ஸ் தரையில் அது சொகுசாக ஓடும். கருங்கல் பாவிய தரையில், இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கில் விழுந்து மாட்டிக்கொள்ளும். தள்ளுகிறவர் மூச்சைப் பிடித்துத் தள்ள, சக்கரத்தைத் தாங்கும் கவை வளைந்துவிடும். சக்கரம் பெரிதாக இருந்தால் இடுக்கைச் சுலபமாகத் தாண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். மெக்கானிக்கல் படித்த ப்ரீத்தி சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒன்றரை மடங்கு பெரிதான அகல ரப்பர் சக்கரத்தைப் போட்டு, கவையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பற்றவைத்துக் கொடுத்தாள். முதல் நாற்காலி திரும்பிப் போன வாரமே அதன் உறவுக்காரர்கள் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது கன்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று, தன்னுடைய அறுபது நாற்காலிகளையும் வருஷம் முழுக்க அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தது. முறையாக அனுமதி பெற்ற பணியிடம் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அனுமதிக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். புனேயில் ஒரு கம்பெனியும் வேலை தருவதாகச் சொல்லி, அதே வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது.

"லெட்டர் வந்தா ஸ்ரீரங்கம், வரலேன்னா புனே," என்று ப்ரீத்தி சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

ரெங்கநாதன் "ம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மோர் சாதத்துக்கு இரண்டாம் முறை கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் மனசு எங்கே இருக்கிறது என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரிய அதுவே போதும்.

பின்னால் கொல்லையில் தாராளமாக இடம் இருந்தது. பத்தடிக்குப் பதினாறடியில் ஒரு தகர ஷெட் போட்டால் நாற்காலிகள், பற்றவைப்பு மெஷின், ப்ரீத்தி எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆனால் நாலு கம்பம் நட்டு மேலே தகரத்தைப் போட்டு முடிக்கிற ஆள் ரெங்கநாதன் இல்லை. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். சின்ன வயதில் அவர் வேலை பார்த்த கேபின்களில் லீவர்கள் வரிசையாக நிற்கும். தண்டவாளத்தைத் திருப்ப ஒரு லீவர், சிக்னலை இறக்க ஒரு லீவர். இரண்டையும் உள்ளே இரும்புப் பட்டைகள் கோத்துப் பூட்டியிருக்கும். தண்டவாளம் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் லீவர் அசையும். பயில்வான் வந்து இழுத்தாலும் அதற்கு முன்னால் அசையாது. உலகத்தில் மனிதன் கண்டுபிடித்தவற்றில் மிக அழகான ஏற்பாடு அதுதான் என்று ரெங்கநாதன் நம்பினார். வாழ்க்கையையும் அப்படியே பூட்டி வைத்திருந்தார்.

"ஏன்னா, ஊரே ஷெட் போட்டுண்டு நிம்மதியா இருக்கு. நீங்க மட்டும் சிக்னல் விழலைன்னு அவுட்டர்ல நிக்கறேள்," என்றாள் ஸ்ரீவித்யா.

"அந்த ஆஸ்பத்திரிக்காரா கேக்கறதே அந்தச் சிக்னலைத்தானே?"

ஸ்ரீவித்யா மிக்ஸியை மூடியிருந்த பச்சைத் துணியை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடி மூடினாள். அது ரெங்கநாதன் ஓய்வுபெறும்போது கொண்டுவந்த, ரயிலுக்குக் காட்டும் பழைய கொடி.

மாநகராட்சியில் விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பிரவீன்ராஜ் என்ற இளைஞர் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். குடியிருப்புப் பகுதியில் சத்தமும் புகையும் அதிகம் இல்லாத சிறு வேலைக்கு இடம் கொடுப்பார்கள், கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதனால் ரெங்கநாதன் கவலைப்படாமல்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், போனில் அந்தச் செய்தி வந்து விழும்வரை.

'முன்புறக் காலியிடத்தில் கட்டுமானம் அனுமதிக்கப்படுவதில்லை. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.'

"முன்புறமா?" என்று ரெங்கநாதன் எழுந்தார். பிரேக் போடாத நாற்காலி பின்னால் உருண்டு சொந்தக்காரரின் முழங்காலில் இடித்தது. "நான் கொல்லையில போடறேன்னுதானே எழுதினேன்!"

அடுத்த பஸ்ஸில் சத்திரத்துக்குப் போய், மாடி ஏறி, பிரவீன்ராஜ் கணினியில் வரைபடத்தைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. படத்தில் வீடு தலைகீழாக நின்றது. கொல்லை முன்னால், வாசல் பின்னால்.

"என்னப்பா இது? எங்காத்தைத் திருப்பி வெச்சிருக்கேள்?"

"சார், நீங்க கொடுத்த வரி ரசீதுல என்ன முகவரி? பூக்காரச் சந்து, கதவு எண் ஏழு. அப்ப சந்துப் பக்கம்தானே முன்பக்கம்? உங்ககிட்ட போன்ல கேட்டேனே, முன்பக்கம் எதுன்னு."

"கேட்டேள். நான் என்ன சொன்னேன்?"

"'இதென்ன கேள்வி, பெருமாள் வர பக்கம்தான்'னு சொன்னீங்க. எனக்கு எப்படி சார் தெரியும் பெருமாள் எந்தப் பக்கம் வருவார்னு? நான் தென்னூர்."

ரெங்கநாதன் வீடு நீளமான வீடு. ஒரு முனை தேரோடும் வீதியில், மறுமுனை சந்தில். ஐந்து தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் வாசல் எது என்று கேட்டதில்லை. புறப்பாட்டின்போது பெருமாள் எந்த வீதியில் எழுந்தருள்கிறாரோ அங்கேதான் கோலம், அங்கேதான் மாவிலை, மாப்பிள்ளை அழைப்பும் அந்தப் பக்கம்தான். சந்து என்பது குப்பை வண்டி வருகிற பக்கம். ஆனால் அறுபது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தபோது, சந்திலிருந்து குழாய் இழுத்தால் தூரம் குறைவு என்று சந்தையே முகவரியாகப் போட்டுவிட்டார். குழாயைப் பின்பற்றித் தண்ணீர் வரி வந்தது, தண்ணீர் வரியைப் பின்பற்றி வீட்டு வரி வந்தது, கதவு எண்ணும் கொல்லைச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடிதம் கொண்டுவருபவர் பழகியவர், எப்போதும் வீதி வழியாகவே வருவார். அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

"முகவரியை மாத்திட்டா?" என்றார் ரெங்கநாதன்.

"மாத்தலாம் சார். ரெண்டு மாசம் ஆகும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பே அவர் மாநகராட்சி ஆபீஸ் வாசலில் நின்றார். பெருமாள் வரும் பக்கம் அல்ல, மக்கள் வரிசையில் நிற்கும் பக்கம். அவருடைய கோப்பைப் பார்ப்பவர் கேத்தரின் என்ற கள ஆய்வாளர். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற வழக்கம் உள்ளவர்.

"மேடம், வாசல் வீதிப் பக்கம். பெருமாள் எழுந்தருள்ற வீதி. ஊர்ல யாரை வேணா கேளுங்கோ."

"கேக்க வேண்டாம் சார், நம்புறேன். ஆனா விதியில பெருமாள் இல்லைங்க, ரோடுதான் இருக்கு."

"ரோடு பத்தி விதி என்ன சொல்றது?"

கேத்தரின் நிமிர்ந்து பார்த்தார். அந்த மேஜைக்கு முன்னால் நின்று கத்துகிறவர்கள் உண்டு, கெஞ்சுகிறவர்கள் உண்டு. விதி என்ன சொல்கிறது என்று ஆசையாகக் கேட்கிறவர் அபூர்வம்.

"ஒரு மனைக்கு ரெண்டு பக்கமும் ரோடு இருந்தா, எது அகலமோ அதுதான் முன்பக்கம். முகவரி எதுவா இருந்தாலும் சரி. ஆனா உங்க படத்துல ஒரே ரோடுதானே இருக்கு? சந்து மட்டும். வீதியை வரையவே இல்லையே!"

ரெங்கநாதன் எட்டிப் பார்த்தார். உண்மை. தேர் ஓடுகிற அளவு பெரிய வீதி படத்தில் இல்லை. இருப்பதை யாராவது இருக்கிறது என்று எழுதுவார்களா என்று நினைத்து அவரும் சொல்லவில்லை, பிரவீன்ராஜும் கேட்கவில்லை.

"நாளைக்கு வந்து அளக்கிறேன். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள சரியான படம் வந்துட்டா மேல அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் ட்ரெயினிங்ல இருப்பேன், சொல்லிட்டேன்," என்றார் கேத்தரின்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கேத்தரின் ஸ்கூட்டரில் வந்தார், முகவரிப்படி சந்து வழியாக. வீதி வாசலில் காத்திருந்த ரெங்கநாதன் உள்ளே ஓடி, கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து, கொல்லைக் கதவைத் திறந்தார். முதலில் சந்தை அளந்தார்கள். மூன்று மீட்டரும் கொஞ்சமும். பிறகு வீட்டுக்குள் நடந்து வீதிப் பக்கம் போனார்கள். வழியில் கேத்தரின் ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். முன்சக்கரத்தைக் காலால் மெல்லத் திருப்பினார்.

"எங்கம்மாவோட சேர் இப்படித்தான், தள்ளினா ஒரு பக்கமா இழுக்கும். யாரு பாக்கிறா இதெல்லாம்?"

"நான்தான் ஆன்ட்டி. கொண்டாங்கோ, அரைமணி நேரத்துல..." என்று ப்ரீத்தி ஆரம்பித்தாள்.

"கொண்டு வரப்படாது!" என்று ரெங்கநாதன் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஃபைல் முடியட்டும். இப்ப கொண்டு வந்தா அது வேற மாதிரி ஆயிடும். மேடத்துக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை."

"இவர் எப்பவும் இப்படித்தான்," என்றாள் ஸ்ரீவித்யா, கேத்தரினிடம் காபியை நீட்டி. "இந்தக் காபியாவது குடிக்கலாமா, இல்லை இதுக்கும் ஃபைல் முடியணுமாம்மா?"

"காபிக்கு விதி இல்லைங்க," என்று கேத்தரின் வாங்கிக்கொண்டார்.

வீதியை அளப்பது வேடிக்கையாக இருந்தது. டேப்பின் ஒரு முனையை ரெங்கநாதன் தன் வாசல்படியில் பிடித்துக்கொண்டார். கேத்தரின் மறுமுனையுடன் எதிர்ச்சாரிக்கு நடந்தார். ஒரு வேன் வந்தது, டேப்பைத் தரையில் போட்டார்கள். தள்ளுவண்டி வந்தது, தூக்கிப் பிடித்தார்கள். மாடு ஒன்று டேப்பைத் தாண்டுவதா வேண்டாமா என்று யோசித்து நின்றது. கடைசியில் எதிர்ச்சாரியிலிருந்து கேத்தரின் குரல் கொடுத்தார்.

"சந்தைப் போல நாலு பங்குக்கு மேல வருது சார்! எதுக்கு இவ்ளோ அகலம்?"

ரெங்கநாதன் முகம் மலர்ந்தது. கேட்டே விட்டார்!

"தேருக்கு மேடம்! தேர்ச் சக்கரம் நேரா மட்டும்தான் உருளும். இந்த நாற்காலிக்கு முன்னாடி இருக்கே, திரும்பற சக்கரம், அது தேருக்குக் கிடையாது. அதனால ஒவ்வொரு திருப்பத்துக்கும் சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை கொடுக்கணும். கட்டையில ஏறித் தேர் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கும். தேரும், வடம் பிடிக்கிறவாளும், கட்டை போடறவாளும், சேவிக்க வரவாளும் எல்லாரும் நிக்கணுமே! அகலம் இல்லாம முடியுமா?"

கேத்தரின் வீதியைக் கடந்து வந்து, நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு அளவை எழுதினார். "விதியில பெருமாள் இல்லைன்னு சொன்னேன். இருக்கார் சார். அகலமா இருக்கார்."

அத்தோடு முடிந்துவிட்டது என்று ரெங்கநாதன் நினைத்தார். கேத்தரின் மறுபடி கொல்லைக்குப் போய்ச் சுவரோரம் நின்று தலையைச் சாய்த்தார்.

"இப்ப கொல்லை பின்பக்கம்தான், சரி. ஆனா சந்தும் ரோடுதானே? சுவரை ஒட்டி ஷெட் போட முடியாது. சந்துலேர்ந்து ஒன்றரை மீட்டர் உள்ள தள்ளணும்."

ஒன்றரை மீட்டர் என்றால் ஐந்தடி. ஐந்தடி உள்ளே தள்ளினால் ஷெட்டின் நடுவில் குழாய் வரும். ரெங்கநாதனின் அப்பா சந்திலிருந்து இழுத்த அதே குழாய்; சிமென்ட் தொட்டியோடு, அறுபது வருஷமாகச் சொட்டிக்கொண்டு.

"குழாயை நகர்த்திட்டா?" என்றார் ரெங்கநாதன்.

"நகர்த்தலாம். அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு."

கேத்தரின் சந்து வழியாக ஸ்கூட்டரில் கிளம்பினார். "நாளைக்கு மத்தியானம் சார்," என்று மட்டும் நினைவுபடுத்தினார்.

ரெங்கநாதன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்ரீவித்யா பக்கத்தில் வந்து நின்றாள். கேலி செய்யப்போகிறாள் என்று எதிர்பார்த்தார், அவள் செய்யவில்லை.

"பேசாம போட்டுடலாம்னா. கொழந்தை போயிடுவா," என்றாள்.

"போட்டா ஷெட் வரும். லெட்டர் வராதே." என்றார் அவர். "எனக்கு மட்டும் அவ போகணும்னா இருக்கு?"

கொல்லைக் கதவருகே நின்ற ப்ரீத்தி இதைக் கேட்டாள். அப்பா இதை வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை. உள்ளே போய், ரப்பர் சக்கரங்கள் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, டேப்பைப் பிடி."

அளந்தார்கள். அட்டையில் கொல்லையைப் போட்டாள், குழாயைப் புள்ளியாக வைத்தாள். தீப்பெட்டி ஒன்றை ஷெட்டாக வைத்து, சந்துக்கு இணையாக நீளவாக்கில் கிடத்தினாள். உள்ளே தள்ளினாள். தீப்பெட்டி புள்ளியின் மேல் ஏறியது. ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியைக் குறுக்காகத் திருப்பினாள். இப்போது அதன் குறுகிய பக்கம் சந்தைப் பார்த்தது, நீளம் வீட்டை நோக்கி ஓடியது. குழாய் தனியாக, பத்திரமாக ஒரு ஓரத்தில் நின்றது.

"நீளமா, ஒடுக்கமா இருக்குமே. நாற்காலியை எப்படித் திருப்புவே?" என்றார் ரெங்கநாதன்.

"எதுக்குத் திருப்பணும்? சந்துப் பக்கம் ஒரு கதவு, வீட்டுப் பக்கம் ஒரு கதவு. ஒரு பக்கமா உள்ள வரும். முதல்ல கழட்டற இடம், அப்புறம் வெல்டிங், அப்புறம் சக்கரம் மாட்டற இடம். அந்தப் பக்கமா வெளிய போகும். குழாயைச் சுத்திண்டு சந்துக்குப் போயிடும். அறுபது சேர் வந்தாலும் ஒண்ணை ஒண்ணு இடிக்காது."

ரெங்கநாதன் அட்டையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிற பராமரிப்பு லைன் இது. ஒரு முனையில் நுழை, மறுமுனையில் வெளியேறு. நடுவில் யாரும் பின்னால் வரக்கூடாது.

"லூப் லைன்!" என்றார். "ஸ்ரீவித்யா, நம்ம பொண்ணு கொல்லையில லூப் லைன் போட்டுட்டா!"

"நன்னா போடட்டும். முதல்ல தீப்பெட்டியைக் கொடுங்கோ, அடுப்பு பத்த வெக்கணும்."

அன்று மாலையே அந்த அட்டை பஸ் ஏறி சத்திரத்துக்குப் போனது. பிரவீன்ராஜ் புதுப் படம் போட்டார். வீதியை அவரே மூன்று தடவை கேட்டுக் கேட்டு வரைந்து, 'முன்புறம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். வியாழக்கிழமை பதினொன்றரைக்குக் கேத்தரின் மேஜைக்குப் படம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ரெங்கநாதன் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு செய்தி வந்தது, கேஸ் சிலிண்டர் பதிவு. பன்னிரண்டுக்கு ஒன்று, யாருக்கோ கடன் வேண்டுமா என்று கேட்டது. ப்ரீத்தி சோபாவில் ஒரு கவையைத் திருகிக்கொண்டே, "அப்பா, அதை முறைச்சா சீக்கிரம் வராது," என்றாள். அவளும் அரைமணி நேரமாக ஒரே திருகாணியைத்தான் திருகிக்கொண்டிருந்தாள்.

இரண்டே முக்காலுக்கு வந்தது. ரெங்கநாதன் முதலில் தனக்குள் படித்தார். பிறகு நிபந்தனைகள் உட்பட, அடிக்குறிப்பு உட்பட, முழுவதையும் சத்தமாகப் படித்தார். பாதியிலேயே ப்ரீத்தி எழுந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதத்தை அனுப்பிவிட்டு, புனேக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி முடித்திருந்தாள். அன்றிரவு ரெங்கநாதன் மோர் சாதத்துக்கு இரண்டு தடவை கேட்டார்.

மூன்று வாரத்தில் ஷெட் எழும்பியது. தகரம் ஏற்றிய மூன்று சக்கர வண்டி சந்துக்குள் திரும்பிய காலையில், சமையலறையில் மிக்ஸி மூடியில்லாமல் நின்றது. பச்சைத் துணி எங்கே போனது என்று ஸ்ரீவித்யா தேடவில்லை. சந்து முனையில் அதைப் பிடித்துக்கொண்டு யார் நிற்கிறார் என்று ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, வீதிப் பக்கம் அழைப்பு மணி அடித்தது. ரெங்கநாதன் கதவைத் திறந்தார். கேத்தரின் நின்றார், கையில் மடக்கிய சக்கர நாற்காலி.

"ஃபைல் முடிஞ்சாச்சு சார். இப்ப கொண்டு வரலாமில்ல?"

"தாராளமா! ஆனா நாற்காலி எல்லாம் சந்துப் பக்கம் மேடம். சுத்திண்டு வரணும்."

"என்ன சார் இது? வாசல் இதுதான்னு நானே அளந்து எழுதியிருக்கேன்!"

"வாசல் இதுதான். ஆனா லூப் லைனுக்கு என்ட்ரி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் விட்டா எதிர்ல வரது இடிச்சுக்கும்."

ஸ்ரீவித்யா உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க உள்ள வாங்கோம்மா, காபி போடறேன். நாற்காலி மட்டும் சுத்திண்டு வரட்டும்."

கேத்தரின் கூடத்தைக் கடந்து நடந்தார். பதினோரு நாற்காலிகள் இருந்த இடம் காலியாக இருந்தது. சோபாவில் உட்காரலாம். வெளியே, ரெங்கநாதன் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, அது ஒரு பக்கமாக இழுக்க இழுக்க, வீதியைச் சுற்றிச் சந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.